பேர் அமெரிக்கா, பிறப்பு சயாம்

மாலை நேரத்தில் மேருவில் ஏதாவது ஒரு காப்பிக்கடை முன்னால் சற்று நின்று பாருங்கள். வரிசையாக மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். செம்பனைத் தோட்டத்தில் வேலை முடித்து வந்தவருடைய வண்டி ஒன்று. புக்கிட் ராஜா தொழிற்பேட்டையில் இரவு வேலைக்குப் புறப்படும் பிள்ளையுடைய வண்டி ஒன்று. மகளைப் பள்ளியிலிருந்து ஏற்றி வந்த தாயினுடைய வண்டி ஒன்று. தோட்டத்தில் இருந்தாலும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டாலும், நம் குடும்பங்களுக்குக் கால் போன்றது இந்த வண்டி. அது நின்றுவிட்டால் அன்றைய சம்பளமும் நின்றுவிடும்.

அப்படி ஒரு காப்பிக்கடை முன்னால், சாலையே அதிரும்படி பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் பெரியவர், "அமெரிக்க வண்டி அப்பா! அந்த நாட்டுக் கைவேலையே தனி" என்கிறார். பக்கத்தில் இருக்கும் இளைஞன் சிரிக்கிறான். "மாமா, பேர்தான் அமெரிக்கா. இப்போது நம் பக்கம் வருகிற அந்த வண்டிகளில் பல சயாமில் செய்தவை." பெரியவரின் முகம் வாடிவிடுகிறது. "அப்படியானால் அது என்ன அமெரிக்க வண்டி? காசு கொடுத்து ஏமாறுகிறார்களே!"

அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியைத்தான் இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஒரு நாட்டின் பெயரால் புகழ் பெற்ற வண்டியை வேறொரு நாட்டில் செய்தால், வாங்குகிறவர்கள் ஏற்றுக்கொள்வார்களா? அந்தப் பெரிய வண்டியை நம்மில் மிகப் பலர் வாங்கப் போவதில்லை என்பது உண்மையே. ஆனாலும் அந்தக் கேள்விக்குள் நம் வீட்டுக் கேள்விகள் இரண்டு ஒளிந்திருக்கின்றன. நாம் வண்டி வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது ஒன்று. தொழிற்சாலையில் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் கைவேலைக்கு என்ன மதிப்பு என்பது மற்றொன்று.

முதலில் அந்த அமெரிக்க வண்டியின் கதையைப் பார்ப்போம். ஹார்லி டேவிட்சன் என்ற நிறுவனம் 1903-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தொடங்கியது. கனத்த உடலும், இரண்டு சிலிண்டர் இயந்திரமும், தூரத்திலேயே அடையாளம் தெரியும் ஓசையுமாக வளர்ந்த வண்டி அது. அமெரிக்கர்கள் அதைத் தங்கள் நாட்டுக் கொடியைப் போலவே பார்க்கப் பழகிவிட்டார்கள். அந்த வண்டியோடு சேர்த்து, தாங்கள் அமெரிக்கர் என்ற பெருமையையும் அவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்றே சொல்லலாம்.

ஆனால் அமெரிக்காவில் செய்தாலே தரமாக இருக்கும் என்று அந்தக் கதை சொல்லவில்லை. 1969-ஆம் ஆண்டு ஏ.எம்.எஃப். என்ற பெரிய நிறுவனம் ஹார்லியை வாங்கியது. உற்பத்தியை அவசரமாகப் பெருக்கியது. அந்த ஆண்டுகளில் வந்த வண்டிகளில் எண்ணெய் ஒழுகுகிறது, அடிக்கடி பழுதாகிறது என்று வாங்கினவர்கள் குறைப்பட்டார்கள். அதே நேரத்தில் ஜப்பான் நாட்டு வண்டிகள் ஒழுகாமல், நின்றுவிடாமல் ஓடின. அமெரிக்கக் கொடியை நேசித்த அதே மக்கள் பலர் ஜப்பானிய வண்டிக்கு மாறினார்கள். 1981-இல் நிறுவனத்தின் அதிகாரிகள் 13 பேர் சேர்ந்து அதைத் திரும்ப வாங்கினார்கள். வேலை செய்யும் முறையையே மாற்றினார்கள். 1983-இல் அமெரிக்க அரசு, 700 சி.சி.க்கு மேற்பட்ட வெளிநாட்டு வண்டிகளுக்கு ஐந்தாண்டு காலத்திற்குக் கூடுதல் வரி போட்டு உதவியது. முதல் ஆண்டில் மட்டும் பழைய வரிக்கு மேல் 45 விழுக்காடு. நான்கே ஆண்டுகளில், 1987-இல், "இனி எங்களுக்கு இந்த வரி தேவையில்லை" என்று நிறுவனமே கேட்டுக்கொண்டது. தொழிலாளிகளும் நாடும் முன்பிருந்தவைதான். வேலை செய்யும் முறை மாறியதும் தரம் மாறிவிட்டது.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் அப்போதே நடந்தது. ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1979-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், மேரிஸ்வில் என்னும் ஊரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை திறந்தது. கோல்ட் விங் என்ற பெரிய வண்டியை 1980 முதல் 2009 வரை அங்கேதான் செய்தார்கள். அமெரிக்கன் கை செய்த ஜப்பானிய வண்டி! வாங்கினவர்கள் அதை ஜப்பானிய வண்டி என்றுதான் சொன்னார்கள். அதன் தரத்தை நம்பித்தான் வாங்கினார்கள். செய்த இடம் மாறியபோதும் பெயர் கெடவில்லை.

சரி, அமெரிக்க வண்டி ஏன் கடல் தாண்டிப் போயிற்று? முக்கியக் காரணம் வரி.

இந்தியாவைப் பாருங்கள். ஹார்லி வண்டி இந்தியாவுக்குள் நுழைய வழிவிடும்படி அமெரிக்கா கேட்டது. தன் மாம்பழங்களை அமெரிக்காவில் விற்க இடம் வேண்டும் என்று இந்தியா கேட்டது. 2007-இல் இரண்டுக்கும் சேர்ந்தே வழி பிறந்தது. மாம்பழத்துக்கு மோட்டார் சைக்கிள் என்று பத்திரிகைகள் வேடிக்கையாக எழுதின. ஆனாலும் முழு வண்டியாக இறக்கினால் வரி கடுமை. 2013-இல் 800 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு அந்த வரி 75 விழுக்காடு. 2018-இல்தான் அது 50 ஆகக் குறைந்தது. பாகங்களாகக் கொண்டுவந்து உள்நாட்டில் பூட்டினால் வரி வெகுவாகக் குறையும். அதனால் 2011-இல் ஹரியானா மாநிலத்தின் பாவல் என்ற ஊரில் பூட்டும் தொழிற்சாலை தொடங்கினார்கள். பின்னர் அங்கேயே ஸ்ட்ரீட் 750 என்ற சிறிய ரக ஹார்லியையும் செய்தார்கள்.

தாய்லாந்தின் கதையும் இதுவே. அமெரிக்காவிலிருந்து வரும் வண்டிக்குத் தாய்லாந்து 60 விழுக்காடு வரை வரி போட்டது. அங்கே ராயோங் மாநிலத்தில் தொழிற்சாலை அமைத்து, 2018-இன் பிற்பகுதியில் உற்பத்தி தொடங்கினார்கள். ஆசியான் நாடுகளுக்கிடையே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ஒரு பொருளின் மதிப்பில் குறைந்தது 40 விழுக்காடு ஆசியான் நாடுகளுக்குள் உருவாகியிருந்தால், அது அண்டை ஆசியான் நாட்டுக்குள் வரிச் சலுகையோடு போகலாம் என்பது அதன் பொது விதிகளில் ஒன்று. ஆகவே சயாமில் பிறந்த அமெரிக்க வண்டிக்கு இந்தப் பக்கத்து நாடுகளின் கதவும் திறந்தது.

இனி நம் கேள்விக்கு வருவோம். வாங்குகிறவர்கள் ஏற்றுக்கொண்டார்களா?

அமெரிக்காவில் கசப்பு எழுந்தது. 2018 ஜனவரியில் கான்சாஸ் நகரத் தொழிற்சாலையை மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது. அங்கே சுமார் 800 பேருக்கு வேலை போகும் நிலை. தாய்லாந்தில் ஒரு தொழிற்சாலை எழும்போது இங்கே ஒன்றை மூடுவதா என்று தொழிற்சங்கம் கேட்டது. விற்பனை குறைந்ததுதான் காரணம், தாய்லாந்து காரணமல்ல என்று நிறுவனம் பதில் சொன்னது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் அமெரிக்க மோட்டார் சைக்கிளுக்கான வரியை 6 விழுக்காட்டிலிருந்து 31 ஆக உயர்த்தியது. ஐரோப்பாவுக்கான வண்டிகளை வெளிநாட்டில் செய்வோம் என்று நிறுவனம் அறிவித்தபோது அதிபர் டிரம்ப் சினந்தார். ஹார்லி வைத்திருப்பவர்கள் பலர் அதைப் புறக்கணிக்கப் போகிறார்கள் என்றும், அது நல்லதே என்றும் ஆகஸ்டில் எழுதினார். 2024-இல், அமெரிக்கச் சந்தைக்குரிய சில ரக வண்டிகளையும் தாய்லாந்தில் செய்யப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது தொழிற்சங்கம் மீண்டும் எதிர்த்தது.

இதில் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஹார்லியின் அமெரிக்க விற்பனை 2018-க்கு முன்பிருந்தே சரிந்து வந்தது. பழைய வாடிக்கையாளர்களுக்கு வயதாகிவிட்டது. இளைஞர்கள் அவ்வளவாகச் சேரவில்லை. ஆகவே வெளிநாட்டில் செய்ததனால்தான் விற்பனை விழுந்தது என்று சொல்லிவிட முடியாது. என்றாலும் அந்தக் கசப்பைப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. நம்மைவிட அதை நன்றாக உணரக்கூடியவர்கள் யார்? 1950-களிலும் 60-களிலும் இந்த நாட்டில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தலைமுறையாக வாழ்ந்த லயத்தை விட்டு வெளியேறியவர்கள் நம்முடைய பாட்டன் பாட்டிகள். அந்தத் துயரத்தைப் பார்த்துத்தான் 1960-இல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டங்களை வாங்கினார்கள். வேலை இடம் மாறும்போது யாரோ ஒருவர் வீட்டில் அடுப்பு அணைகிறது என்பதை நாம் அறிவோம். கான்சாஸ் நகரத் தொழிலாளியின் கோபம் சயாம் தொழிலாளியின் கைவேலையின்மீது இல்லை. தன் வேலை போனதன்மீதுதான்.

வரி அதிகாரிகளும் நீதிமன்றமும் இதை வேறொரு விதமாகப் பார்த்தார்கள். தாய்லாந்தில் செய்த வண்டி என்பதால் ஐரோப்பாவில் குறைந்த வரி போதும் என்று நிறுவனம் வாதாடியது. வரியைத் தவிர்ப்பதே முக்கிய நோக்கமாக இடம் மாற்றினால், அந்தப் பொருளைப் புதிய நாட்டின் பொருளாகக் கொள்ள முடியாது என்று 2023-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-இல் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. ஒரு வண்டி எந்த நாட்டு வண்டி என்ற கேள்வி, காப்பிக்கடையில் மட்டுமன்றி நீதிமன்றத்திலும் எளிதான கேள்வியாக இல்லை, பாருங்கள்!

அமெரிக்காவுக்கு வெளியே நிலைமை வேறு. இந்தியாவில் பாவல் தொழிற்சாலை செய்த ஸ்ட்ரீட் 750 வண்டியைப் பற்றித் தொடக்கத்தில் குறைகள் வந்தன. பிரேக் போதவில்லை, இணைப்பு வேலை நயமாக இல்லை என்றார்கள். "இந்தியாவில் செய்தால் இப்படித்தான்" என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் அதே ரக வண்டியை அமெரிக்கச் சந்தைக்காகக் கான்சாஸ் நகரிலும் செய்தார்கள். இரண்டுக்கும் வரைபடம் ஒன்றே. 2016-ஆம் ஆண்டு மாதிரியில் பிரேக்கை மேம்படுத்தினார்கள். வரைந்த இடத்தில் இருந்த குறைக்குப் பூட்டிய கையைப் பழிப்பது நியாயமா?

அப்படியிருந்தும் அந்த வியாபாரம் நிலைக்கவில்லை. 2019-20 நிதியாண்டில் இந்தியாவில் 2,500-க்கும் குறைவான ஹார்லிகளே விற்றன. 2020 செப்டம்பரில் நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பிறகு ஹீரோ என்ற இந்திய நிறுவனத்தோடு கைகோத்தது. 2023 ஜூலையில் எக்ஸ் 440 என்ற வண்டி வெளிவந்தது. ராஜஸ்தான் மாநிலத்தின் நீம்ரானாவில், ஹீரோவின் தொழிற்சாலையில், இந்தியத் தொழிலாளிகள் செய்த வண்டி. தொடக்க விலை 2,29,000 ரூபாய். ஏறக்குறைய ஒரு மாதத்தில் 25,000-க்கு மேற்பட்டோர் முன்பணம் கட்டிப் பதிந்தார்கள். முன்பதிவு எல்லாம் விற்பனை ஆகிவிடாது என்பது உண்மைதான். ஆனாலும் வாங்க வந்தவர்களின் மனம் என்ன என்பதை அந்த எண் காட்டுகிறது. "இது மில்வாக்கியில் செய்யவில்லையே" என்று அவர்கள் திரும்பிப் போகவில்லை. விலை கைக்கு எட்டியது. ஹீரோவின் கடைகளும் பட்டறைகளும் ஊர் ஊராக இருக்கின்றன. அது போதுமானதாக இருந்தது.

பெயர் ஒரு நாடு, பிறப்பு ஒரு நாடு என்பதற்கு நம் தாயகத் தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. ராயல் என்ஃபீல்ட் என்பது இங்கிலாந்தின் ரெடிச் நகரில் பிறந்த பெயர். 1955-இல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா நிறுவனம் தொடங்கி, திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. முதலில் இங்கிலாந்துப் பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு எல்லாப் பாகங்களையும் அங்கேயே செய்யக் கற்றார்கள். ரெடிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. தாய் மறைந்தாள், பிள்ளை நிலைத்தது. 1977-இல் திருவொற்றியூரில் செய்த புல்லட் இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போனது! தொடக்கத்தில் சந்தேகத்தோடு பார்த்தவர்கள் உண்டு. தரம் உயர உயரச் சந்தேகம் குறைந்தது. 2024-25 நிதியாண்டில் அந்த நிறுவனம் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகளை விற்றது. இன்று சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பெருமளவில் உற்பத்தி நடக்கிறது.

நம் நாட்டுக்கே வருவோம். நம் தோட்டங்களில் தாத்தா காலத்திலிருந்து ஓடும் கப்சாய் வண்டியின் பெயர் ஜப்பானியப் பெயர். ஆனால் பினாங்கு மாநிலத்தின் பத்து காவானில் ஹோண்டா வண்டிகளைச் செய்கிறார்கள். யமாஹாவைச் சுங்கை பூலோவில் செய்கிறார்கள். மொடெனாஸ் என்ற நம் தேசிய வண்டி கெடாவின் குருணில் பிறக்கிறது. 1996-இல் வந்த அதன் கிறிஸ் வண்டிக்குப் பின்னால் ஜப்பானின் கவாசாக்கித் தொழில்நுட்பம் இருந்தது. 2017-இல் அதே மொடெனாஸ் இந்தியாவின் பஜாஜ் நிறுவனத்தின் பல்சர் வண்டியைத் தன் பெயரோடு சேர்த்து விற்றது. வோல்வோ என்ற சுவீடன் நாட்டுக் காரை 1967-ஆம் ஆண்டிலிருந்தே ஷா ஆலாமில் பூட்டுகிறார்கள். நம் கிள்ளானின் புக்கிட் ராஜாவில் 2019-இல் டொயோட்டா தொழிற்சாலை திறந்தது. இவற்றையெல்லாம் நாம் ஏற்றுக்கொண்டுதானே ஓட்டுகிறோம்? "இது ஜப்பானிலிருந்து வரவில்லையே" என்று யாராவது கப்சாயைத் திருப்பிக் கொடுத்ததுண்டா?

ஆகவே பெரியவரின் கேள்விக்கு நாம் இப்படிப் பதில் சொல்லலாம். தரம் குறையாமல், விலை நியாயமாக, உதிரிப்பாகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், எங்கே செய்த வண்டியையும் மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். செய்த இடத்தையே பெருமையாக எண்ணிக் கூடுதல் விலை கொடுத்தவர்களும், தங்கள் அண்டை வீட்டாரின் வேலை பறிபோவதைப் பார்த்தவர்களும் ஏற்கத் தயங்குகிறார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. ஏமாற்று என்று எப்போது சொல்லலாம்? செய்த இடத்தை மறைத்து விற்றால் மட்டும்தான்.

அதை மறைப்பதும் எளிதல்ல. வண்டியின் கைப்பிடிக்குக் கீழே, கழுத்துப் பகுதி இரும்பில் 17 எழுத்தும் எண்ணுமாகச் சட்ட எண் பொறித்திருக்கும். அதன் முதல் இரண்டு இடங்கள், வண்டியைச் செய்த நிறுவனம் எந்த நாட்டில் பதிவானது என்பதைக் காட்டும். எம்.எல். என்று தொடங்கினால் தாய்லாந்து, எம்.ஏ. முதல் எம்.ஈ. வரை இந்தியா; பி.எல். முதல் பி.ஆர். வரை மலேசியா; ஜே. என்றால் ஜப்பான், 1 என்றால் அமெரிக்கா. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்த எண்ணும் பதிவுப் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பது மிக அவசியம். எண் சுரண்டப்பட்டிருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் அந்த வண்டி வேண்டாம்.

செய்த நாட்டை விசாரிப்பதைவிட நமக்குப் பயன்படும் கேள்விகள் வேறு இருக்கின்றன. இந்த வண்டிக்குச் சங்கிலியும் பிரேக் கட்டையும் மேருவிலோ கிள்ளானிலோ உடனே கிடைக்குமா? நம் பகுதிப் பட்டறைக்காரர் இதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவரா? உத்தரவாதம் எத்தனை மாதம், எவற்றுக்கு? தவணை முடியும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்போம்? கடைசிக் கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வண்டியின் ரொக்க விலை 6,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 600. பிறகு மாதம் 165 வெள்ளி, 48 மாதம். தவணை மட்டும் 7,920 வெள்ளி ஆகிறது. முன்பணத்தையும் சேர்த்தால் 8,520. வண்டியின் விலைக்கு மேல் 2,520 வெள்ளி கொடுத்திருக்கிறோம். "மாதம் 165தானே" என்று கடைக்காரர் சொல்லும்போது, கையெழுத்துப் போடுமுன் வீட்டில் கணக்குத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டு இந்தப் பெருக்கலைப் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஒரு பழைய எண்ணம் உண்டு. துரை நாட்டிலிருந்து வந்தால் உசத்தி, நம் ஊர்க்காரன் செய்தால் மட்டம் என்பது அது. புக்கிட் ராஜாவிலும் ஷா ஆலாமிலும் திருகாணி முடுக்கும் கைகளில் நம் பிள்ளைகளின் கைகளும் இருக்கின்றன. அவர்கள் செய்த பொருளை நாமே மட்டம் என்று சொன்னால், அவர்களுக்கு நல்ல சம்பளம் கொடு என்று எந்த வாயால் கேட்போம்? நல்ல வரைபடமும், நல்ல பயிற்சியும், சரியாகச் சோதிக்கும் வழக்கமும் இருந்தால் எந்த நாட்டுக் கையும் நல்ல வண்டியைச் செய்யும். அவை இல்லாவிட்டால் மில்வாக்கியில் செய்ததும் ஒழுகும். அதைத்தான் 1970-களில் அமெரிக்கர்களே கண்டார்கள்.

அடுத்த முறை அந்தப் பெரிய வண்டி சாலையை அதிர வைத்துக்கொண்டு போகும்போது, பெரியவரிடம் அந்த இளைஞன் இப்படிச் சொல்லட்டும்: "மாமா, பேர் அமெரிக்கா, பிறப்பு சயாம். ஒழுகாமல் ஓடுகிறதா என்று பார்ப்போம்." பெரியவரும் தலையசைத்துவிட்டு, தம்முடைய கப்சாயை உதைத்து, வீட்டுக்குப் புறப்படட்டும்.